வீட்டிலேயே ஒரு வெள்ளோட்டம்



கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், திருவிழா நாளன்றுதான் அதை முதன்முதலாக வெளியே இழுப்பது என்ற வழக்கம் நம்மிடம் கிடையாது. சில நாள்களுக்கு முன்பே வெறுந்தேரை ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் ஒரு பக்கம் சாய்கிறதா, முச்சந்தியில் திரும்புகிறதா, மேலே போகும் மின்கம்பியில் கலசம் இடிக்கிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். தச்சர் உளியை எடுத்துக் குறையைச் சரி செய்துவிடுவார். இதற்குத்தான் வெள்ளோட்டம் என்று பெயர்.

தேரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இதழில் நாம் பேசப் போவது அகப்பக்கத்தைப் பற்றி. நம் பிள்ளைகள் பள்ளிக்கும், கோயிலுக்கும், அம்மாவின் முறுக்கு வியாபாரத்துக்கும் அகப்பக்கம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், செய்த மறுநிமிடமே ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். அழுத்தினால் திறக்காத பொத்தான், தவறான தொலைபேசி எண், கட்டம் கட்டமாக உடைந்து போன தமிழ் எழுத்து எல்லாம் ஊர் பார்த்த பிறகுதான் தெரிகின்றன. அகப்பக்கத்துக்கும் வெள்ளோட்டம் உண்டு. அதற்கு ஒரு காசும் செலவில்லை. இணைய வசதிகூட வேண்டாம். வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தால் போதும். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

முதலில் 'சர்வர்' என்றால் என்ன என்று பார்ப்போம். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் என்ன வேலை செய்தார்? ஹோட்டலில் மேசைக்கு மேசை போய், கேட்டதைச் சமையற்கட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். கணினி உலகின் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் கைப்பேசியில் ஓர் அகப்பக்கத்தின் முகவரியைத் தட்டினால், எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு கணினிக்கு அந்தக் கேள்வி போய்ச் சேருகிறது. அது பக்கத்தை எடுத்து உங்களிடம் அனுப்பி வைக்கிறது. கேட்டதைக் கொடுக்கும் அந்தக் கணினியும், அதனுள் ஓடும் மென்பொருளும்தான் சர்வர்.

இது அமெரிக்காவில் குளிர்சாதன அறைக்குள் இருக்கும் பெரிய இயந்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உலகின் முதல் அகப்பக்கச் சர்வர் எங்கே இருந்தது தெரியுமா? சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே உள்ள 'செர்ன்' ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆய்வாளரின் மேசைமேல் இருந்தது. 1990-ஆம் ஆண்டின் கடைசியில் அது ஓடத் தொடங்கியது. இது சர்வர், இதை அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார். யாராவது பழக்க தோஷத்தில் விசையைத் தட்டிவிட்டால் உலகத்தின் முதல் அகப்பக்கமே நின்றுபோயிருக்கும்! இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அகப்பக்கம் முதலில் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் மட்டுமே ஓடியது. 1991 ஆகஸ்டில்தான் வெளியுலகுக்குச் சொல்லப்பட்டது. வைய விரிவு வலையை உண்டாக்கியவரே உள்ளே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டிருக்கிறார்.

'எங்கள் தோட்டத்தில் லைன் கிடைப்பதே பெரிய பாடு, இதில் சர்வர் எங்கே?' என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பட்ட பாட்டை நாம் மறக்க முடியுமா? அதே ஆண்டில் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி, தேர்வு எழுத லைன் கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. லைன் இல்லாத வீட்டுப் பிள்ளை கணினித் தொழிலைக் கற்க முடியாது என்று பலர் மனம் தளர்ந்து போயிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுச் சர்வருக்கு லைன் தேவையே இல்லை. கேட்பதும் அதே கணினி, கொடுப்பதும் அதே கணினி. வெளியே போக வேண்டிய அவசியம் அதற்கு எங்கே இருக்கிறது?

இனி வேலைக்கு வருவோம். படிவம் நான்கு, ஐந்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள்.

'எக்ஸாம்ப்' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் எக்ஸ், ஏ, எம், பி, பி என்று ஐந்தெழுத்து. 2002-இல் முதலில் வெளிவந்தது. அதை வெளியிடும் 'அப்பாச்சி ஃபிரண்ட்ஸ்' அமைப்பின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். கண்ட இடத்தில் எடுத்தால் வைரசும் கூடவே வந்து சேரும். வீட்டில் லைன் இல்லையென்றால், பட்டணத்தில் லைன் உள்ள இடத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வாருங்கள். ஒருமுறை கொண்டு வந்தால் போதும்.

விண்டோஸ் கணினியில் அதை 'சி' தட்டில் நேராகப் பதியுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற இடத்தில் பதிந்தால், விண்டோஸின் காவல் விதிகள் குறுக்கே வந்து தொல்லை கொடுக்கும். பதிந்து முடிந்ததும் 'கன்ட்ரோல் பேனல்' என்ற சிறு பலகை திறக்கும். அதில் 'அப்பாச்சி' என்ற பெயருக்கு எதிரே உள்ள 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்துங்கள். பெயர் பச்சை நிறமானால் சர்வர் ஓடுகிறது என்று பொருள். யாழ்ப்பாண வழியில் வந்த குடும்பங்களில் அப்பாவின் அம்மாவை அப்பாச்சி என்றுதான் அழைப்பார்கள். கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும் பெயர்தான், பொருத்தமாகவே அமைந்திருக்கிறது!

பச்சை வராமல் சிவப்பில் ஏதாவது எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம். சர்வர் வழக்கமாக 80 என்ற எண்ணுள்ள வாசலில் உட்காரும். வேறொரு மென்பொருள் அந்த வாசலை முன்பே பிடித்திருந்தால் இதற்கு இடமில்லை. லயத்து வீட்டில் ஆள் இருந்தால் அடுத்த வீட்டைத் தேடுவதில்லையா? அப்பாச்சியின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'லிசன் 80' என்ற வரியில் 80-ஐ 8080 என்று மாற்றிச் சேமித்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிறகு உலாவியைத் திறந்து, முகவரி எழுதும் இடத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டுங்கள். எல், ஓ, சி, ஏ, எல், எச், ஓ, எஸ், டி என்று இடைவெளி இல்லாமல் ஒன்பது எழுத்து. வாசலை மாற்றியவர்கள் மட்டும் அதன்பின் முக்காற்புள்ளியும் 8080-உம் சேர்க்க வேண்டும். எக்ஸாம்பின் வரவேற்புப் பக்கம் திறக்கும். லோக்கல்ஹோஸ்ட் என்பது 'என் வீடு' என்று கணினி தன்னையே சொல்லிக்கொள்ளும் பெயர். எந்தக் கணினியில் தட்டினாலும் அது அந்தக் கணினியையே குறிக்கும். அதன் எண் முகவரி 127.0.0.1.

எக்ஸாம்ப் கோப்புறைக்குள் எச், டி, டி, ஓ, சி, எஸ் என்ற ஆறெழுத்துப் பெயரில் இன்னொரு கோப்புறை இருக்கும். அதுதான் சமையற்கட்டு. அதனுள் உங்கள் அகப்பக்கத்துக்கென்று ஒரு புதிய கோப்புறை திறந்து, 'எஸ்டேட்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயர் வைத்துக் கோப்புகளைப் போடுங்கள். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், ஒரு சாய்கோடு, எஸ்டேட் என்று தட்டினால் பக்கம் வந்து நிற்கும்.

'கோப்பை இரண்டு முறை தட்டினாலே பக்கம் திறக்கிறதே, சர்வர் எதற்கு?' என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். வெறும் எழுத்தும் படமும் என்றால் திறக்கும். பெயர் பதிவது, தேடுவது, கருத்து எழுதி அனுப்புவது போன்ற வேலைகள் 'பிஎச்பி' போன்ற மொழியில் எழுதப்படுகின்றன. அவற்றைச் சர்வர்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். கோப்பை நேராகத் திறந்தால் சமைக்காத அரிசியைத் தட்டில் வைத்தது போலத்தான் இருக்கும்.

வீட்டில் சரியாக ஓடியது வெளியே போனதும் ஏன் சில சமயம் உடைகிறது? மூன்று காரணங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எழுத்து. விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால், வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. அங்கே பெரிய எழுத்தில் தொடங்கும் படத்தின் பெயர் வேறு, சிறிய எழுத்தில் தொடங்கும் பெயர் வேறு. வீட்டில் தெரிந்த படம் அங்கே காணாமல் போகும். எல்லாப் பெயரையும் சிற்றெழுத்தில் வைத்தால் இந்த வம்பே இல்லை.

இரண்டு, முகவரி. படம் இருக்கும் இடத்தை 'சி' தட்டிலிருந்து தொடங்கி எழுதியிருந்தால், அது உங்கள் கணினிக்கு மட்டுமே தெரிந்த வழி. 'மாரியம்மன் கோயிலுக்கு எதிரே மூன்றாவது லயம்' என்று கோலாலம்பூர் வாடகை வண்டிக்காரரிடம் சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

மூன்று, தமிழ். முன்பெல்லாம் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் ஒவ்வொரு எழுத்துக் குறியீட்டில் இருந்தது. ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் கோடும் கட்டமுமாகத் தெரியும். யூனிகோடு வந்த பிறகு அந்தக் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிட்டது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், செல்லினம் போன்றவற்றில் இன்று யூனிகோடிலேயே தமிழ் எழுதலாம். எழுதிய கோப்பை 'யுடிஎப்-8' என்ற முறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதைக் குறிப்பிட்டுவிட்டால் தமிழ் உடையாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். நீங்கள் கணினியில் செய்கிறீர்கள், ஊர் கைப்பேசியில் பார்க்கிறது. ஆகவே கைப்பேசியிலும் வெள்ளோட்டம் வேண்டும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கணினியை அதனோடு இணையுங்கள். கணினியில் 'ஐபிகான்பிக்' என்ற கட்டளையைக் கொடுத்தால், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கைப்பேசி உலாவியில் தட்டினால் உங்கள் பக்கம் சிறு திரையில் வரும். விண்டோஸின் காவல் மென்பொருள் அனுமதி கேட்டால், உங்கள் வீட்டு இணைப்புக்கு மட்டும் கொடுங்கள்.

இத்தனையும் இயந்திரத்தைச் சோதிப்பது. மனிதரைக் கொண்டு சோதிப்பது இன்னொன்று. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

என்னிடம் ஆறாம் ஆண்டுவரை படித்த ஒரு மாணவி. அவள் பாட்டி பால் வெட்டிய தோட்டம், சுங்கை சிப்புட் பக்கத்தில் துண்டாடலில் போய்விட்டது. குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப் போயின. பழைய படங்களைச் சேர்த்து, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் அகப்பக்கம் செய்தாள். வீட்டுச் சர்வரில் ஓட்டிப் பார்த்தாள். பொத்தான்கள் எல்லாம் வேலை செய்தன. அன்று மாலை கைப்பேசியைப் பாட்டியின் கையில் கொடுத்தாள்.

பாட்டி முதலில் சொன்னது, 'எழுத்து எறும்பு மாதிரி இருக்கு' என்பது. பெரிதாக்கினாள். பிறகு ஸ்டோருக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நிற்கும் ஒரு படத்தில் பாட்டியின் விரல் நின்றுவிட்டது. 'இது அக்கா இல்ல ஆயி, தங்கச்சி. பேரை மாத்திப் போட்டிருக்க. இந்தப் படத்துக்கு முந்தியே அக்கா செத்துப் போச்சு.' படத்தின் பின்னால் யாரோ எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் அந்தப் பெண் பெயர் போட்டிருந்தாள். அந்தத் தங்கையின் பிள்ளைகள் இப்போது கிள்ளானில் இருக்கிறார்கள். அவர்கள் அம்மாவுக்கு இருப்பது இந்த ஒரே படம்தான். அதுவும் வேறொருத்தி பெயரோடு ஊரெல்லாம் சுற்றியிருந்தால், அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

பெயரில் விழுந்த ஓர் எழுத்துப் பிழையால் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தப்பாகப் பதிந்தது லேசில் அழியாது என்பது நமக்குத் தெரியும். அகப்பக்கமும் அப்படித்தான். நீங்கள் திருத்துவதற்குள் பத்துப் பேர் படமெடுத்து நூறு பேருக்கு அனுப்பியிருப்பார்கள். பாட்டி கண்டுபிடித்த பிழையை எந்த மென்பொருளும் கண்டுபிடித்திருக்காது. ஆகவே வெள்ளோட்டத்தில் வீட்டிலுள்ள பெரியவர்களையும் உட்கார வையுங்கள். கணினி தெரியாதவர்தான் நல்ல சோதகர். எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். 'அங்கே அழுத்துங்க' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

பெரிய அரசாங்கங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2013 அக்டோபர் முதல் தேதி, அமெரிக்க அரசு மருத்துவக் காப்புறுதிக்காக 'ஹெல்த்கேர்' என்ற அகப்பக்கத்தைத் திறந்தது. முதல் நாளில் வெற்றிகரமாகப் பதிவு செய்து முடித்தவர்கள் ஆறே ஆறு பேர். எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சோதித்தது திறப்பதற்கு முந்திய இரண்டு வாரங்களில்தான் என்று குத்தகை நிறுவனத்தார் பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள்.

நம் நாட்டில் 2021 மே 26-ஆம் தேதி மதியம், அஸ்ட்ராஸெனகா தடுப்பூசிக்குப் பதிய இளையோரெல்லாம் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? பலருக்குப் பக்கம் சரியாகத் திறக்கவில்லை. பொறுப்பிலிருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின் மக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கூட்டம் சேரும்போது என்ன நடக்கும் என்பதை வீட்டுச் சர்வர் காட்டாது. அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் கேட்பவர் ஒருவர், வெளியே ஆயிரம் பேர். வீட்டு வெள்ளோட்டம் முடிந்ததும், வாடகைச் சர்வரில் ஏற்றி, முதலில் நாலு குடும்பத்துக்கு மட்டும் முகவரியைச் சொல்லி, ஒரு வாரம் பார்த்துவிட்டு ஊருக்குச் சொல்லுங்கள்.

எச்சரிக்கையாக இரண்டு வார்த்தை. எக்ஸாம்ப் வீட்டுச் சோதனைக்காகவே செய்யப்பட்டது. அதன் தகவல் களஞ்சியத்துக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல்கூடக் கிடையாது. அதை அப்படியே வெளியுலகுக்குத் திறந்துவிடுவது, வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் பால் வெட்டப் போவதற்குச் சமம். இரண்டாவது, சோதிப்பதற்காக உண்மையான ஆள்களின் அடையாள அட்டை எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போடாதீர்கள். கற்பனைப் பெயரும் கற்பனை எண்ணும் போதும். சோதனைக்குப் போட்டதை எடுக்க மறந்து, அது ஊருக்குப் போய்விடுவது உண்டு.

பெற்றோர்களே, இதற்கெல்லாம் பொறுமை வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சுலபத்தில் விளங்காது. அவர்களுக்கு நம் பேராக் மண்ணின் கதையைச் சொல்லுங்கள். 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் வளர்க்கப்பட்ட ரப்பர் கன்றுகளில் இருபத்திரண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது நம் கோலகங்சாரில் நடப்பட்டன. யாரும் மறுநாளே காட்டை அழித்துத் தோட்டம் போட்டுவிடவில்லை. மரம் இந்த மண்ணில் நிற்குமா, பால் தருமா என்று பார்த்தார்கள். மலாக்காவில் டான் சே யான் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்டது 1896-இல். இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள்! நம் பிள்ளைகளை இருபது ஆண்டு பொறுக்கச் சொல்லவில்லை. ஊருக்குக் காட்டுவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்தால் போதும்.

மகனோ மகளோ கணினி முன் உட்கார்ந்திருந்தால், 'என்ன நோண்டிக்கிட்டு இருக்க?' என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'எங்கே, எனக்குக் காட்டு பார்க்கலாம்' என்று கேளுங்கள். எழுத்துச் சிறிதாக இருந்தால் சொல்லுங்கள். பெயர் தப்பாக இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதைவிட நல்ல உதவி வேறில்லை.

அடுத்த இதழில் வேறொரு செய்தியோடு சந்திப்போம். வணக்கம்.